மூன்று பேர் நின்றால் நிற்கும் பேருந்து

ஊர்ப் பிரச்சினையைக் கணிதமாக்கித் தீர்க்கும் கல்லூரி மாணவர் போட்டியில் எந்தத் தீர்வு முதல் பரிசு வாங்குகிறதோ, அது மறுவாரமே எங்கள் ஊரில் அமலுக்கு வந்துவிடும். சென்ற ஆண்டு வென்றது நானும் இம்ரானும் ரெபேக்காவும். மூன்று பேருக்குக் குறைவாக நிற்கும் நிறுத்தத்தில் ஓட்டுநரில்லாப் பேருந்து நிற்க வேண்டியதில்லை என்று நிரூபித்திருந்தோம். மேடையில் மாலையெல்லாம் போட்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை, மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் அக்கா செண்பகவல்லி வேர்த்து விறுவிறுத்து வீடு திரும்பினாள். எங்கள் நிறுத்தத்தில் காலையில் ஏறுவது அவள் ஒருத்திதான்.

"கை காட்டக் காட்டப் போயிருச்சுடா. உன் கணக்குல நான் எங்கடா இருக்கேன்?"

"புறக்கணிக்கத்தக்க பிழையில, அக்கா."

அவள் சிரிக்கவில்லை. "இன்னொரு நாள் லேட்டானா வேலையே போயிரும்," என்றாள்.

மறுநாளிலிருந்து நானும் இம்ரானும் அவளோடு போய் நின்றோம். அவனுக்குக் காய்ச்சல் என்றால் ரெபேக்கா வருவாள். பேருந்து நிற்கும். அக்கா மட்டும் ஏறுவாள். மேதைகள் இருவரும் பல் தேய்க்க வீட்டுக்குத் திரும்புவோம்.

இந்த ஆண்டுக்கான கேள்வி வந்தது: ஏறும் எண்ணமில்லாமல் நிறுத்தத்தில் நின்று பேருந்தை ஏமாற்றுபவர்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

"வேற யாராவது ஜெயிச்சா அக்கா கதி அவ்வளவுதான்டா," என்றான் இம்ரான்.

அப்படிப்பட்டவர்கள் இருக்கவே முடியாது என்று நாற்பது பக்கங்களில் நிரூபித்து அனுப்பினோம்.

அதற்கும் முதல் பரிசு கொடுத்துவிட்டார்கள்.