எதிரில் போட்ட நாற்காலி

வெக்டர் கால்குலஸ் வகுப்புக்கான விதிகளைப் பேராசிரியர் தன் அறைக் கதவில் ஒட்டியிருந்தார். கடைசி விதி இது: ‘சந்தேகம் இருந்தால் புதன் மாலை வந்து, உட்கார்ந்து கேட்கலாம்.’ அதற்கென்றே மேஜைக்கு எதிரில் ஒரு மர நாற்காலியைப் போட்டார்.

காலடிச் சத்தம் கேட்டாலே அது ஆவலோடு காத்திருக்கும். சத்தம் கதவைத் தாண்டிப் போய்விடும்.

“உன்னைச் சீந்தத்தான் ஆளில்லையே!” என்று அவருடைய சுழல்நாற்காலி சிரிக்கும்.

ஒரு புதனன்று மாணவி ஒருத்தி வந்தேவிட்டாள். மர நாற்காலிக்குத் தலைகால் புரியவில்லை.

“உட்காரும்மா.”

“பரவாயில்ல சார்.”

சார் முன்னால் எப்படி உட்காருவது? நின்றுகொண்டே கேட்டாள். அவருக்குச் சங்கடமாகிவிட்டது. அவரும் எழுந்துபோய்க் கரும்பலகையருகே நின்று விளக்கினார்.

பாடம் நீண்டுகொண்டே போனது. காலியாகக் கிடந்த சுழல்நாற்காலி மெல்லக் கேட்டது:

“உனக்கு எப்பவுமே இப்படித்தான் இருக்குமா?”