இருபத்தைந்தா, முப்பத்தைந்தா?

"ஏங்க, தங்கச்சி வீட்டுக்காரர் போட்டோ போட்டிருக்கார். பார்த்தீங்களா?"

"பார்த்தேன், பார்த்தேன். அவர் இருபத்தஞ்சு, நான் இருபத்தேழு." கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார் எடையளவு ஆய்வாளர். குரலில் அவ்வளவு குளிர்ச்சி.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நடக்கிற கூத்துதான் இது. பின்சக்கரத்தை டிரெய்னர் என்கிற தாங்கியில் மாட்டிக்கொண்டு, சகலைகள் இரண்டு பேரும் அவரவர் வீட்டுக் கூடத்திலேயே சைக்கிள் மிதிப்பார்கள். முடித்ததும் வாட்ச் காட்டும் சராசரி வேகத்தைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடுவார்கள்.

மற்றபடி சின்னவருக்கு எல்லாமே ஒரு படி மேலே. வீடு பெரிசு. சம்பளம் பெரிசு. தலைமுடிகூட ஒன்றும் கொட்டவில்லை. மாமியார் வாயைத் திறந்தால் சின்ன மாப்பிள்ளை புராணம்தான். பெரிய மாப்பிள்ளைக்கு மிச்சமிருந்தது இந்த இரண்டு கிலோமீட்டர் மட்டுமே.

போன வருடம் இவருக்கு நெஞ்சுவலி வந்து பிழைத்து எழுந்தபோது, "தினமும் சைக்கிள் மிதிக்கணும். விட்டீங்கன்னா அப்புறம் என்கிட்ட வராதீங்க" என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். வாங்கிய சைக்கிளில் துணிதான் காய்ந்தது. சின்னவரும் ஒன்று வாங்கி, போட்டிக்கு இழுத்து, முதல் வாரமே இவரிடம் தோற்ற பிறகுதான் இவருக்கு வெறி பிடித்தது. அன்றிலிருந்து ஒரு நாள்கூட விட்டதில்லை.

"அது இல்லைங்க. போட்டோ ஓரத்துல அவரோட டிரெய்னர் திரை தெரியுது பாருங்க. அதுல முப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கே?"

ஆய்வாளர் படத்தை விரலால் பெரிதாக்கினார். முப்பத்தைந்தேதான். வயிறு பற்றி எரிந்தது.

"காசைக் கொட்டி வாங்கினா மட்டும் போதுமா? மெஷின் தப்பா காட்டுது. நானே போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பதுதான் அவர் உத்தியோகம். ஒரு கிராம் குறைந்தாலும் தராசைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அவர் தெருவில் நுழைந்தால் கடைக்காரர்கள் கதவைப் பாதி இறக்கிவிடுவார்கள்.

சின்னவரும் கதவைப் பாதிதான் திறந்தார்.

"வாங்கண்ணே... என்ன திடீர்னு?"

"உங்க வாட்ச்சும் டிரெய்னரும் ஆளுக்கொரு கணக்கு சொல்லுதே சகலை. எது பொய் சொல்லுதுன்னு பார்த்துருவோம்."

"அய்யோ, அதுக்குப் போய் ஞாயித்துக்கிழமையும் அதுவுமா... விடுங்கண்ணே."

"விடுறதா? நான் பார்க்கிற வேலையே அதுதானே!"

டயரை அழுத்திப் பார்த்தார். காற்று சரியாக இருந்தது. டிரெய்னரை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டார். சின்னவரை ஏற்றி மிதிக்க வைத்தார். திரையில் முப்பத்தைந்து, வாட்ச்சில் இருபத்தைந்து. சக்கரத்தின் நடுவில் இருந்த சென்சாருக்குப் புது பேட்டரி மாற்றினார். அப்போதும் அதே கதை.

"சக்கரம் எத்தனை சுத்து சுத்துதுன்னுதான் சென்சார் சொல்லும். ஒரு சுத்துக்கு எவ்வளவு தூரம்னு வாட்ச்சுக்கு நாமதான் சொல்லி வைக்கணும்" என்றவர் கொழுந்தியாள் பக்கம் திரும்பினார். "தையல் டேப் இருக்காம்மா?"

அவள் புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாக எடுத்துவந்து கொடுத்தாள்.

டயரைச் சுற்றி அளந்தார். டேப் பத்தவில்லை. விட்ட இடத்தில் விரலை வைத்து மிச்சத்தையும் அளந்தார். இரண்டு மீட்டருக்கு மேலேயே இருந்தது. வாட்ச்சை வாங்கி, சக்கர அளவு எங்கே இருக்கிறதென்று தேடினார். ஒன்றரை மீட்டர்! சின்னப் பிள்ளைகள் ஓட்டும் சைக்கிளின் அளவு அது.

அப்படியானால் முப்பத்தைந்துதான் நிஜம்.

அந்த ஒரு எண்ணைத் திருத்தினால் போதும். அடுத்த ஞாயிறு குழுவில் முப்பத்தைந்து வந்து உட்காரும். மாமியார் வரிசையாகக் கைதட்டுகிற பொம்மைகளாகப் போடுவார். இதிலுமா இவன் மேலே போக வேண்டும்? ஆய்வாளர் வாட்ச் மேல் இருந்த விரலை எடுத்துவிட்டார்.

"வாட்ச் சுத்தமா இருக்கு சகலை. டிரெய்னர்தான் கூட்டிக் காட்டுது. அதை நம்பாதீங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது.

சின்னவர் பெரிதாக மூச்சு விட்டார். "நீங்க சொன்னா சரிதாண்ணே. இனிமே அந்தத் திரையை அணைச்சே வச்சிடுறேன்."

விடைபெற்று வெளியே வந்தார் ஆய்வாளர். கதவு சாத்திக்கொண்டது. வாசலில் குனிந்து ஷூ நாடாவைக் கட்டும்போது ஜன்னல் வழியே கொழுந்தியாள் குரல் கேட்டது.

"அத்தான் டேப் கேட்டதும் எனக்கு உயிரே போயிடுச்சுங்க. நீங்க வேணும்னே அளவைக் குறைச்சு வச்சிருக்கிறது அவருக்குத் தெரிஞ்சிருந்தா?"

"அன்னிக்கே சைக்கிள்ல மறுபடி துணியைக் காயப் போட்டிருப்பார். என்னை ஜெயிக்கணும்னுதானே தினம் மிதிக்கிறார்? எத்தனை தடவை வேணும்னாலும் நான் தோத்துட்டுப் போறேன். உங்க அக்காவுக்கு அவர் நல்லா இருக்கணும்."

"அது சரி, அவர் நிஜமாவே அதைப் பார்க்கலையா?"

"பார்த்திருந்தா சொல்லாம விட்டிருப்பாரா? ஒரு கிராம் பொய்யைக்கூடப் பொறுக்காத மனுஷன் அவர்!"