எட்டரைக்குக் கீழே

“சார், இன்னொரு தடவ பாருங்க. எங்கயோ தப்பு இருக்கு.”

மாலை வகுப்பு முடிந்து பாதிப் பேர் கிளம்பியிருந்தார்கள். தமிழ்ச்செல்வியின் எக்ஸெல் கணக்கை வெங்கடேஷ்பாபு சார் மூன்று முறை சரிபார்த்தாகிவிட்டது. ஃபார்முலாவில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

“யக்கா, இம்புட்டு நோண்டுனா கம்ப்யூட்டரே அழுதுரும்” என்றான் பக்கத்து மெஷின் சோணைமுத்து. அவள் சிரிக்கவில்லை.

அவளுடைய அண்ணன் அழகுராஜா அவனியாபுரத்துப் பட்டறையில் வேன்களுக்குப் பெயின்ட் அடித்தவன். தூசி படியக் கூடாதென்று கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திக்கொண்டுதான் அடிப்பான். போன சித்திரையில் அந்த ஷெட் குப்பென்று பற்றியது. அவன் வெளியே வரவில்லை. உள்ளே பீடி பற்றவைத்திருப்பான் என்றார் முதலாளி. போலீஸும் அப்படியே எழுதிக்கொண்டது.

பெயின்ட்டில் கலக்கும் தின்னரில் இருக்கும் டொலுவீன் எவ்வளவு ஆவியாகும் என்று காட்டும் ஆவி அழுத்தம்தான் கணக்கு. கெமிஸ்ட்ரி படித்தவள், வேண்டிய எண்களை நூலகத்தில் தேடி எடுத்து நோட்டில் எழுதி வந்திருந்தாள். அந்த அழுத்தம் எட்டரை பாதரச மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால், ஷெட்டுக்குள் இருந்த காற்று வெறும் பொறிக்குப் பற்றியிருக்காது. நெருப்பை யாரோ தின்னரிலேயே வைத்திருக்க வேண்டும். மேலே போனால், பொறி ஒன்றே போதும்.

நாற்பது டிகிரிக்கு ஐம்பத்தொன்பது வந்தது. முப்பது போட்டாள், முப்பத்தேழு. இருபது போட்டாள், இருபத்திரண்டு.

“இன்னும் குறையாதா சார்?”

“மார்கழிக் குளுருல கூட மதுரை இதுக்குக் கீழ எறங்காதும்மா. சித்திரை வெயிலுக்குப் போய் எதுக்கு இதையெல்லாம் போட்டுப் பாக்குற?”

அவள் பதினைந்து என்று அடித்தாள். சார் மெதுவாக விசைப்பலகையை நகர்த்தி வைத்தார்.

“போதும் தமிழ். உங்க அண்ணன் மேல தப்பே இல்ல. பீடியெல்லாம் வேணாம், ஃபேன் போட்டா மோட்டார்ல வருமே ஒரு பொறி, அதுவே போதும். பிரின்ட் எடுத்துத் தாரேன். நாளைக்கே ஸ்டேஷன்ல குடு.”

பிரின்டர் கரகரவென்று ஓடத் தொடங்கியது. தமிழ்ச்செல்வி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள்.

“அன்னைக்குச் சோறு கொண்டு போனேன் சார். அண்ணன் உள்ள வெந்துக்கிட்டு இருக்குமேன்னு, வெளிய நின்னு ஃபேன் சுவிட்சப் போட்டது நாந்தான்.”