அல்சீட் செய்த கடிகாரம்

"அவர் போன அன்னிக்கே இதுவும் நின்னுடுச்சு, நுமா."

கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்த பாக்கெட் கடிகாரத்தை, காலமான அல்சீடின் மனைவி ப்ளூவெட் மேஜைமேல் வைத்தார். "பெரிய பொண்ணு ஜெனீவாலேர்ந்து வர்றா. அப்பா ஞாபகமா இது வேணுங்கறா. ஓடாம எப்படி அவ கையில குடுக்கறது?"

நுமா எழுந்து நின்று, இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார். "என்கிட்ட குடுத்துட்டேல்ல? நீ கவலைப்படாம போ."

அவர்கள் வாழும் ஜூ பள்ளத்தாக்கில், நுமாவைப் போல, வீட்டுக்கு ஒருவர் கடிகார வேலை பார்க்கிறவர். ஆனால் திருகாணி முதற்கொண்டு எல்லாவற்றையும் தன் கையாலேயே அறுத்து, அராவி, முழுசாக ஒரு கடிகாரம் செய்தவர் அல்சீட் ஒருவர்தான். அவரோ மஞ்சள் தபால் பஸ் ஓட்டியவர். கடிகாரப் பள்ளியில் தேறாமல் பாதியில் வெளியே வந்து, பிறகு வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, வருஷக்கணக்காகப் பாடுபட்டு அதைச் செய்தார்.

சீட்டு விளையாடும்போது நுமா எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறார். "ஒரே ஒரு தடவை திறந்து காட்டேன்டா." அல்சீட் உடனே சட்டைப் பையைப் பொத்திக்கொள்வார். "தூர இருந்தே பாரு. உன் கை பட்டா அதுக்குக் காய்ச்சல் வந்துடும்!"

இப்போது லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்த நுமாவுக்கு மூச்சே நின்றுபோயிற்று. எல்லாம் அத்தனை சுத்தமான வேலை. அச்சு முனைகளில் மருந்துக்குக்கூடத் தேய்மானம் இல்லை. 'எஃகை எப்படித்தான் பதப்படுத்தினானோ, பாவி' என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார்.

எண்ணெய்தான் இறுகியிருக்கும் என்று நினைத்து, எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்தார். கடைசியாக, கடிகாரத்துக்கு இதயம்போல ஆடும் பேலன்ஸ் சக்கரத்தைச் சாமணத்தால் பிடித்துத் திரும்ப வைக்கும்போது விரல் ஒரு நொடி பிசகியது. தலைமுடியைவிட மெல்லிய அதன் அச்சுமுனை ஒடிந்து எங்கோ தெறித்துப் போனது.

"மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு?" என்றார் மனைவி லூசெட்.

"அல்சீட் செஞ்ச அச்சை ஒடைச்சுட்டேன்."

"போய் ப்ளூவெட்கிட்ட சொல்லிடு."

"சொல்றேன், சொல்றேன். அதுக்குள்ள நீ ஊரக் கூட்டாத."

மறுநாள் காலை ரொட்டிக்கடையில் ப்ளூவெட்டே எதிரில் வந்தார். "என்னன்னு பாத்தியா, நுமா?" பின்னால் நான்கைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாம் தெரிந்த முகங்கள். உண்மையைச் சொல்லத்தான் நுமா வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"அச்சு ஒடிஞ்சிருக்கு. எஃகை ஒழுங்காப் பதப்படுத்தல போல."

"பஸ் ஓட்டுறவன் கடிகாரம் செஞ்சா அப்படித்தான்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கடையே சிரித்தது.

ப்ளூவெட்டின் முகம் காதுவரை சிவந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, "வேற ஏதாவது பாத்தியா?" என்றார். நுமா தலையை ஆட்டி இல்லை என்றதும், காசு கொடுத்த ரொட்டியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் வெளியே போய்விட்டார்.

அந்த ரொட்டியை நுமா எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. கூசிப்போய், பக்கத்துச் சந்து வழியாக வீட்டுக்கு வந்தார்.

ஒடிந்த அச்சை வைத்து அளவெடுக்க வழியில்லை. அதனால் அச்சைத் தாங்க மேலும் கீழும் இருந்த கல் துளைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அளந்து, சின்னக் கடைசல் எந்திரத்தில் புது அச்சு ஒன்றைச் சீவி எடுத்தார். முனையை மெருகேற்றிப் பொருத்தியதும், பேலன்ஸ் சக்கரம் ஒரு தடவை தயங்கி, பிறகு மளமளவென்று ஆடத் தொடங்கியது.

வேறு வேலையாக இருந்தால் லூசெட்டைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார். இந்த டிக் டிக் அவரைப் பெயர் சொல்லித் திட்டுவதுபோல இருந்தது. நண்பன் உயிரைக் கொடுத்துச் செய்ததை உடைத்தாயிற்று. போதாததற்கு, பதில் சொல்ல வர முடியாதவன்மேல் பழியும் போட்டாயிற்று.

ப்ளூவெட் வந்து கடிகாரத்தை வாங்கி, காதில் வைத்துக்கொண்டார். கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணீர் வழிந்து கடிகாரத்தின்மேலேயே சொட்டியது.

அதற்குமேல் நுமாவால் தாங்க முடியவில்லை.

"ப்ளூவெட், அழாத. என்னைத் திட்டு. ஒடைச்சது நான்தான். என் கை பட்டுதான் ஒடிஞ்சது. அவன் எஃகுல ஒரு குறையும் இல்ல. கடையில அத்தனை பேர் முன்னாடி பொய் சொல்லி அவனைப் பாத்து ஊரைச் சிரிக்க வெச்சுட்டேன். உள்ள இருக்கற அச்சு அவன் செஞ்சதில்ல, நான் செஞ்சது."

ப்ளூவெட் நிமிர்ந்து பார்த்தார். நுமாவால் அந்தப் பார்வைக்கு எதிரே நிற்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இப்பவே ரொட்டிக்கடைக்குப் போறேன். எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன்."

"வேண்டாம்!" ப்ளூவெட் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "யார்கிட்டயும் வாயத் தொறக்காத. உள்ள இருக்கறது உன் அச்சுன்னு என் பொண்ணுகிட்ட சொல்லவே சொல்லாத."

காபியோடு வாசற்படியில் நின்ற லூசெட்டிடம், "அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்து" என்றார்.

கதவு சாத்தியபிறகும் ப்ளூவெட்டின் குரல் மேலெழும்பவில்லை.

"அவர் இருந்தவரைக்கும் இது ஒரு நாள்கூட ஓடினதில்ல, நுமா."