அணைக்காத விளக்கு

படப்பிடிப்புத் தளத்தில் அவருக்கு இருட்டு மாமா என்று பெயர். ஒளிப்பதிவாளர்தான், ஆனால் விளக்கைப் போடுவதைவிட அணைப்பதில்தான் அவருக்குக் கொண்டாட்டம். கல்யாண வீட்டுக்குப் போனாலும் நாலு விளக்கை அணைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். “வெளிச்சத்துல என்னப்பா பயம் இருக்கு? நான் விட்டுவைக்கிற இருட்டுலதான் இருக்கு” என்பார்.

அன்று கொலைக் காட்சி. காலி நாற்காலிக்குப் பக்கவாட்டில், தரையோடு ஒரே ஒரு விளக்கை வைத்தார். எதிர்ச்சுவரில் நாற்காலியின் நிழல் விழுந்தது. அதில் ஒரு பெண்ணின் நிழல் உட்கார்ந்திருந்தது.

இயக்குநர் துள்ளிக் குதித்தார். “கையக் கொடுங்க மாமா! எப்படிப் பண்ணீங்க?”

மாமா அந்த நாற்காலியில் கதாநாயகியை உட்காரவைத்தார், சுவரில் இரண்டு நிழல்கள். ஒப்பனைக்கார அம்மாவை உட்காரவைத்தார், அப்போதும் இரண்டு.

மத்தியானம் அவர் மகள் சாப்பாட்டோடு வந்தாள். “கால் கடுக்குதுப்பா” என்று அந்த நாற்காலியிலேயே சாய்ந்தாள். சுவரில் ஒரே நிழல். மூக்கும் கொண்டையும் அச்சாகப் பொருந்தின.

“எந்திரிம்மா!” என்று அலறினார்.

மகள் எழுந்தாள். நிழல் எழவில்லை. வெளிச்சத்தைக் கடந்து அவரிடம் வந்தாள். சுவரில் எதுவும் நகரவில்லை.

“என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?” என்று சிரித்தாள்.

படமே வெளியாகிவிட்டது. தளத்தைப் பிரிக்க ஆட்கள் வந்து, “அணைங்க மாமா” என்று கெஞ்சுகிறார்கள். இருட்டு மாமா சுவிட்சை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அணைத்தால் நிழல் போகும். நிழலோடு வேறு யார் போவார்கள் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

பல்பின் ஓரம் கறுக்கத் தொடங்கியிருக்கிறது.