கடைசி இரண்டு வரிசை

கடலோரத்துப் பழைய தியேட்டரை இடிக்க விடாமல் மூன்று வருடம் போராடி ஜெயித்தவள் அவள். "பின்பக்கக் கூரை தாங்காது" என்று எழுதிக் கொடுத்த இன்ஜினியர் அவளுடைய சொந்த அண்ணன். அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். வேறொரு இன்ஜினியரிடம் சான்றிதழ் வாங்கி, தியேட்டரையும் திறந்தாகிவிட்டது.

ஒரு நாள் மேனேஜர் சொன்னார்: "மேடம், தினமும் கடைசி ரெண்டு வரிசை டிக்கெட்டையும் ஒருத்தரே மொத்தமா வாங்கிடறார். ஆனா தனியாத்தான் வர்றார்."

"நம்ம தியேட்டர் மேல அவ்வளவு உசிரா!"

அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. நன்றி சொல்ல, படம் ஓடும்போதே உள்ளே போனாள்.

காலி இருக்கைகளுக்கு நடுவே அண்ணன் உட்கார்ந்திருந்தான். திரையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீயா? இங்க என்ன பண்றே?"

"மெதுவா பேசு. இதுக்கு மேலதான் கம்பியெல்லாம் உப்புக்காத்துல இத்துப்போயிருக்கு. நான் சொன்னதை யாரும் கேக்கல. ஜனங்க இங்க உட்காராம இருக்க எனக்கு வேற வழி தெரியல."

"அப்ப நீ மட்டும் ஏன் உட்கார்ந்திருக்கே?"

"காலியா இருக்குன்னு யாராவது வந்து உட்கார்ந்துட்டா? எழுப்பி விடணுமே."

அவன் தோளெல்லாம் சுண்ணாம்பு உதிர்ந்து வெள்ளையாக இருந்தது.

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தபடியே கத்தினாள்: "படத்தை நிறுத்துங்க! லைட்டைப் போடுங்க!"