சுருங்காத மிளகாய்

“அக்கா, ஒண்ணுகூட சுருங்கல லா! இப்பப் பறிச்ச மாதிரியே இருக்கு, தொட்டுப் பாருங்க!”

கோகிலன் போட்ட சத்தத்தில், மலேசியாவின் ஈப்போவில் நஜீமாவின் சாப்பாட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் கையிலிருந்த தட்டில் ‘தினா’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. மகள் தினேஸ்வரியின் செல்லப்பெயர். சிலிம் ரிவர் பக்கம் பழைய ரப்பர் எஸ்டேட் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பூவுக்குப் பூ மகரந்தம் மாற்றி, விதையெடுத்து, மறுபடி நட்டு, வருடக்கணக்காக அவன் உருவாக்கிய மிளகாய் ரகத்துக்கும் அதே பெயர். அதற்காகக் கார் தொழிற்சாலை வேலையையே விட்டிருந்தான்.

குளிர்பெட்டி இல்லாமல் கடைப் புழுக்கத்தில் எவ்வளவு நாள் தாங்கும் என்று பார்க்கத்தான் நஜீமாவிடம் இரண்டு தட்டு கொடுத்திருந்தான். ஒன்று தினா. மற்றது ஒப்பிட்டுப் பார்க்க, தோட்டத்து மூலையில் நின்ற பெயரில்லாத ரகம். பார்வைக்கு இரண்டும் ஒரே அச்சு. பெயரில்லாதது முதல் வாரமே அழுகிவிட்டதாக நஜீமா படம் எடுத்து அனுப்பியிருந்தாள்.

தினாவோ, மூன்று வாரம் ஆகியும் பளபளவென்று இருந்தது.

“தட்டோட அரைச்சு சம்பல் போடுங்கக்கா. இன்னிக்கு எல்லா மேசைக்கும் நம்ம மிளகாய்தான்!”

“விதைக்குக் கொஞ்சம் எடுத்து வைக்க வேணாமா தம்பி?”

“தோட்டம் முழுக்கத் தினாதான் நிக்குது. விதை கம்பெனிக்காரங்க நாளைக்கு ஒப்பந்தம் போட வாராங்க!”

கொஞ்ச நேரத்தில் நெத்திலிச் சம்பல் வாசனை கடையைத் தூக்கியது. ஆளாளுக்கு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார்கள். சட்டி காலியானது. கோகிலன் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கைச் சம்பலோடு பிசைந்து வாய் நிறையச் சாப்பிட்டான். அவன் சந்தோஷத்தைப் பார்த்து நஜீமாவும் சிரித்தபடி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“அந்த மூலைச் செடிங்க எப்படி இருக்கு தம்பி?”

“அது எதுக்குக்கா இன்னும்? மகரந்தம் கலந்து தினாவைக் கெடுத்துடும்னு நேத்து வேரோட பிடுங்கிக் கொளுத்திட்டேன். எடுத்து வெச்ச விதையையும் சேர்த்துத்தான்.”

நஜீமாவின் முகம் வெளுத்தது.

“கொளுத்திட்டியா? எல்லாத்தையுமா?”

“ஆமா. ஏங்க்கா?”

அவள் காலியான சட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

“தினா தோத்துட்டா வாழ்க்கையே போச்சுன்னு அன்னிக்கு அழுதியே தம்பி... ரெண்டும் உன் தோட்டத்து மிளகாய்தானே, எதுவா இருந்தா என்னன்னு நெனச்சேன். அழுகுனது தினாதான்... சீட்டை நாந்தான் மாத்தி ஒட்டுனேன்.”